தாமதமாய் வந்தோர்க்கும் முதல் பூஜை

தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டை அன்பர்கள் இருநாளில் சென்று திரும்பத்தக்க தீவுத்தலம் இராமேஸ்வரம். முதல்நாள் மாலையே சென்று தங்கினால், அதிகாலையில் ஸ்படிகலிங்க தரிசனம் கிட்டும். பின்னர் அக்னி தீர்த்தத்தில் நீராடி, ஆலயத்தினுள் உள்ள 22 தீர்த்தங்களிலும் நீராடலாம். ஈரக் கல்தளம் வழுக்கும். முதியோர் துணையோடு நடப்பது நலம். இயலாதோர் தீர்த்தத்தைச் சிரசில் தெளித்துக்கொள்ளலாம். உலர்ந்த ஆடை உடுத்திய பின்னரே சந்நிதிக்குச் செல்லவேண்டும்.

மாலையில் தனுஷ்கோடிச் சாலையிலுள்ள கோதண்டராமர் கோயிலைத் தரிசிக்கலாம். விபீஷணன் சரணடைந்த தலம்; 1964 டிசம்பர்ப் புயலிலும் நிலைத்து நின்றது.

சீதாபிராட்டி மணலால் அமைத்த லிங்கமே இராமநாதர். அனுமன் கொணர்ந்த லிங்கம் தாமதமாகவே வந்தது. ஆயினும் அந்த விஸ்வலிங்கத்துக்கே இன்றும் முதல் பூஜை. முதுமையில்தான் வர வாய்த்தது என்று வருந்துவோர்க்கு இதைவிட ஆறுதல் வேறு வேண்டுமோ?