படையப்பா

மூணாறு பக்கம் எஸ்டேட் ரோட்ல பஸ் சட்டுன்னு நின்னுச்சு.
"படையப்பா நிக்கிறான்"னாரு டிரைவர்.

பனிக்குள்ள முதல்ல தெரிஞ்சது அந்த ரெண்டு நீளத் தந்தம்தான்.
பஸ்ல மூச்சுச் சத்தம்கூட இல்ல.
பக்கத்து சீட் அக்கா மட்டும் "போயிடு சாமி"ன்னு மெதுவா சொன்னாங்க.

பழநிக்கு நடக்கிறவங்களுக்கு ஆறுபடையப்பன் முருகன்.
1999ல படையப்பா ரஜினி.
எஸ்டேட் லயத்துக்காரங்களுக்கு இந்த ஒத்த யானை.

பாலக்காட்டுல 2023 ஜனவரில பிடிச்ச பிடி-7ங்கிற இன்னொரு காட்டு யானைக்கு ஊர்ப் பேரையே வச்சாங்க, தோணின்னு.
சின்னக்கானல்ல அரிசி தேடி வந்தவன் அரிக்கொம்பன். அதே வருஷம் ஏப்ரல்ல அவனையும் பிடிச்சு வேற காட்டுக்குக் கொண்டு போயிட்டாங்க.
எனக்கு இன்னும் மனசு ஆறல.

மூணாறு போறவங்களே, படையப்பாவைப் பார்த்தா ஹாரன் அடிக்காதீங்க. செல்ஃபிக்கு இறங்காதீங்க.
அவன் ரோட்டைத் தாண்டட்டும்.