சீரகத்துக்கு ஒரு அட்டைப்பெட்டி

பூனை தத்தெடுக்கப் போறவங்க என்ன செய்யறாங்க? கம்பிக்கிட்டே ஓடிவந்து தலையால முட்டும் பாருங்க, அதைத்தான் தூக்கிக்கிட்டு வர்றாங்க. மூலையில் சுவரோட சுவரா ஒட்டிக்கிட்டு, 'நான் இங்கே இல்லவே இல்லை'ன்னு உட்கார்ந்திருப்பதை யாரும் ஏறெடுத்தும் பார்க்கறதில்லை. நம்ம வீட்டுக்கு வந்த ரெண்டும் அந்த மூலை ரகம்தான்!

இங்கே சிங்கையில் வீவக வீடுகளில் பூனை வளர்க்க ரொம்ப வருஷமாத் தடை. 2024 செப்டம்பர் 1 முதல் வீட்டுக்கு ரெண்டு வரை வச்சுக்கலாமுன்னு விதி மாறுச்சு. மைக்ரோசிப் போடணும், இணையத்தில் ஒரு இலவசப் பாடம் படிக்கணும், அப்புறம் லைசென்ஸ். நம்ம ரங்கமணி அந்தப் பாடத்தைக் குறிப்பெடுத்துப் படிச்ச அழகைப் பார்க்கணுமே! காலேஜ்ல இப்படிப் படிச்சிருந்தா எங்கேயோ போயிருப்பார் :-)

பக்கத்து புளோக் கீழ்த்தளத்தில் ஒரு சீன ஆன்ட்டி தினமும் சாப்பாடு வச்சு வளர்த்த பூனைகள் இவங்க. ரெண்டு பேருக்கும் இடது காது நுனி கொஞ்சம் வெட்டியிருக்கும். கருத்தடை ஆச்சுன்னு அடையாளம். ஆன்ட்டிக்கு முடியாமப் போய் மகள் வீட்டுக்குக் குடிபோகும்போது, தெரிஞ்ச தன்னார்வலர் ஒருத்தர்கிட்டே ஒப்படைச்சாங்க. எட்டு மாசமா யாருமே கேட்கலை. கறுப்புக்கு மிளகு, பழுப்பு வரிக்குச் சீரகமுன்னு பேர் வச்சு நாங்க கூட்டிட்டு வந்தோம்.

பூனைக்கு மனுஷவாடை பழகற பருவம் பிறந்த ரெண்டாம் வாரத்துல இருந்து ஏழாம் வாரம் வரைன்னு சொல்றாங்க. இவங்களுக்கோ மூணு வயசு. அதனால முழு வீட்டையும் திறந்துவிடாம சின்ன ரூம் ஒன்னை மட்டும் கொடுத்தோம். ஜன்னலுக்கு வலை. ஒரு மூலையில் மண் ட்ரே, எதிர் மூலையில் சாப்பாடு, தண்ணி. முக்கியமா, ஓட்டை போட்ட ரெண்டு அட்டைப்பெட்டி.

பெட்டி என்னத்துக்குன்னு கேட்பீங்க. நெதர்லாந்தில் ஒரு காப்பகத்துல செஞ்ச ஆய்வு 2014ல வந்துச்சு. புதுசா வந்த பூனைகளில் ஒளிஞ்சுக்கப் பெட்டி கிடைச்சதுங்களுக்கு, கிடைக்காததைவிட சீக்கிரமா பதட்டம் குறைஞ்சிருக்கு. ஒளிய இடம் கொடுத்தா வெளியவே வராதுன்னுதான் நாம நினைப்போம். நிஜம் நேர்மாறு. ஓடி ஒளிய இடமிருக்குன்னு தெரிஞ்சாத்தான் வெளியே வர தைரியமே வருது.

மிளகு முதல் ராத்திரியே சாப்பிட்டான். சீரகம்? ஊஹூம். மறுநாளும் தட்டு அப்படியே இருக்கு. பூனை நாய் மாதிரி இல்லைங்க. ரெண்டு மூணு நாள் தொடர்ந்து பட்டினி கிடந்தா ஈரல்ல கொழுப்பு படிஞ்சு உயிருக்கே ஆபத்து. டாக்டருக்குப் போன் போட்டேன். "மீனை லேசா சூடாக்கி பெட்டி வாசலில் வைங்க, காலைக்குள்ள தொடலைன்னா தூக்கிட்டு வந்துடுங்க"ன்னார். வச்சுட்டுக் கதவைச் சாத்தினேன். தூக்கம் எங்கே வந்தது? ராத்திரி ரெண்டு மணிக்குத் தட்டு நகர்ற சத்தம். கதவில் காதை வச்சுக்கிட்டு நின்ன எனக்குக் கண்ணுல தண்ணி.

அப்புறம் தினமும் ஒரு மணி நேரம் அந்த ரூமில் தரையில் உட்கார்ந்து புத்தகத்தைச் சத்தமாப் படிப்பேன். தொடறது, கூப்பிடறது ஒன்னும் கிடையாது. கண்ணைப் பார்த்தா மெதுவா மூடித் திறப்பேன். பிரிட்டன் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு 2020ல இதைத்தான் சொல்லுச்சு. நாம அப்படிச் செஞ்சா பூனையும் பதிலுக்குச் செய்ய வாய்ப்பு அதிகமாம், நீட்டின கைக்கிட்டே வரவும் செய்யுமாம்.

மூணு வாரமாச்சு. மிளகு ஹாலில் ராஜநடை. சீரகம் பெட்டியை விட்டு அசையலை. ரங்கமணி ஒருநாள் மெதுவாக் கேட்டார், "சுதந்திரமாத் திரிஞ்ச ஜீவன். நம்ம ஆசைக்கு அடைச்சு வச்சுக் கொடுமைப்படுத்தறோமா?" சட்டுன்னு பதில் சொல்ல வரலை. ஆனா திரும்பக் கொண்டுபோய் விட அந்த ஆன்ட்டி இப்போ அங்கே இல்லையே. சாப்பாடு வைக்கற கை போனபிறகு அது என்ன சுதந்திரம்? இன்னும் ரெண்டு மாசம் பார்ப்போமுன்னேன்.

47வது நாள் படிச்சுக்கிட்டு இருக்கும்போது கால் விரல்ல ஈரமா என்னவோ பட்டுச்சு. மூக்கு! நான் அசையலை. முகர்ந்து பார்த்துட்டு, கன்னத்தை ஒரே ஒரு தடவை உரசிட்டு, பெட்டிக்குள்ளே போயிட்டாள். அவ்ளோதான். அன்னிக்கு வீட்டுல பாயசம்.

ஒரு வருஷத்துக்கு மேலாச்சு. இன்னும் மடியில் ஏறமாட்டாள், தூக்கவிடமாட்டாள். சாயங்காலம் கை எட்டும் தூரத்தில் வந்து படுத்துக் கண்ணை மெதுவா மூடித் திறப்பாள். அவளாத் தேடிவந்து உட்கார்ந்த இடம் அது. இதுக்கு மேலே கேட்க எனக்கென்ன உரிமை, சொல்லுங்க?

அழைப்புமணி அடிச்சா மட்டும் மாயம்! அதனால வர்ற விருந்தாளிக்கெல்லாம் நம்ம வீட்டுல ஒரே பூனைதான். ரெண்டு லைசென்ஸையும் எடுத்துக் காமிச்சாலும் நம்பமாட்டேங்கறாங்கப்பா :-)