டிரிஸ்ட்ராம்: காதால் போய்ப் பார்த்த ஊர்

பயணக் கட்டுரை என்று சொல்லிவிட்டு வீடியோ கேம் கதை அளக்கிறாளே என்று நினைக்க வேண்டாம். நான்கு நாள் பேங்காக் போய் வந்தவருக்கு அந்த நகரம் எவ்வளவு தெரியுமோ, அதைவிட எனக்கு டிரிஸ்ட்ராம் நன்றாகத் தெரியும். எந்த வீட்டு வாசலில் யார் நிற்பார், எந்தப் பக்கம் ஆறு ஓடுகிறது, இருட்டில் எந்த வழியாகப் போனால் கோயில் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். விமான டிக்கெட் வேண்டாம். வீட்டுக் கூடத்தில் ஒரு கேம் கன்சோல் இருந்தால் போதும்.

'டயாப்லோ' என்ற ஆட்டத்தின் ஊர் அது. 1996 கடைசியில் கணினிக்கு வந்தது. 1998இல் முதல் பிளேஸ்டேஷனுக்கும் வந்தது. உருவாக்கியவர்களில் முக்கியமானவர் டேவிட் பிரெவிக். கலிபோர்னியாவில் மவுண்ட் டயாப்லோ என்று உண்மையிலேயே ஒரு மலை உண்டு, 1,173 மீட்டர் உயரம். பிள்ளைப் பருவத்தில் அதன் அடிவாரத்தில் இருந்தவர் அவர். ஸ்பானிய மொழியில் அந்தப் பெயருக்குப் பிசாசு என்று பொருள். பெயர் பிடித்துப்போய், ஆட்டத்துக்கு வைத்துவிட்டார்.

எனக்கு அப்போது ஒன்பது, பத்து வயது. அண்ணன் கூட்டாளியிடம் டிஸ்க்கை இரவல் வாங்கி வந்திருந்தான். பிளேஸ்டேஷனில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆடலாம். அவன் வாளேந்திய போர்வீரன், நான் வில்லேந்திய பெண்.

ஊர் சின்னது. நடுவில் ஒரு நீரூற்று. அதன் பக்கத்தில் டெக்கார்ட் கெய்ன் என்ற கிழவர். கிரிஸ்வோல்ட் என்ற கொல்லர், பெப்பின் என்ற வைத்தியர், சாராயக் கடை நடத்தும் ஆக்டன், எப்போதும் போதையில் கிடக்கும் ஃபார்ன்ஹாம், பாட்டியோடு வசிக்கும் கில்லியன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தனிக் குடிசையில் சூனியக்காரி ஏட்ரியா. ஊர்க்கோடியில் கட்டைக்காலோடு விர்ட் என்ற பையன். சில மாடுகள். அவ்வளவுதான் ஊர். பக்கத்திலேயே பாழடைந்த தேவாலயம்; அதற்குக் கீழே 16 தளங்கள். நான்கு தளம் தேவாலயத்தின் அடித்தளம், அடுத்த நான்கு பிணக்குழிகள், பிறகு நான்கு குகைகள், கடைசி நான்கு நரகம்.

வானொலியில் வேலை செய்பவள் என்பதால் இதைச் சொல்கிறேனோ என்னவோ, இந்த ஊரை உருவாக்கியது படம் வரைந்தவர்கள் மட்டும் இல்லை. மேட் யூல்மன் என்ற இசையமைப்பாளரும்தான். ஆட்டம் தொடங்கியதும் 12 தந்தி கிட்டார் ஒன்று மெதுவாக ஒலிக்கும். பேய்க்கதை ஆட்டத்துக்கு இப்படி ஒரு வரவேற்பா என்று தோன்றும். அதில் அலறல் கிடையாது, பயமுறுத்தும் முழக்கம் கிடையாது. பெரிய காரியம் நடந்து முடிந்த வீட்டில் யாரோ ஒருவர் தனியாக உட்கார்ந்து வாசிப்பதுபோல் இருக்கும். ஒலிப்பதிவுக்கூடத்தில் இத்தனை வருடம் இருந்துவிட்டேன். ஓர் ஊரின் சோகத்தை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன இசை எனக்குக் கிடைத்தது குறைவு.

பிறகு குரல்கள். கெய்னிடம் போய் நின்றால், கொஞ்சம் நின்று கேளப்பா என்கிற மாதிரிதான் பேச்சைத் தொடங்குவார். என் தொழிலுக்கே வாசகமாக எழுதி மாட்டலாம். ஊர்க்காரர் ஒவ்வொருவரிடமும் வியாபாரம் பேசலாம், இல்லையென்றால் வம்பு பேசலாம். ஆம், பொருள் வாங்குவதற்குப் பக்கத்திலேயே ஊர்வம்புக்கும் ஒரு தேர்வு உண்டு! கொல்லரைப் பற்றி வைத்தியர் ஒன்று சொல்வார், வைத்தியரைப் பற்றிச் சூனியக்காரி வேறொன்று சொல்வாள். விர்ட்டின் கால் போன கதையை இப்படித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். பேய்கள் அவனைப் பாதாளத்துக்கு இழுத்துப்போக, கிரிஸ்வோல்ட் உள்ளே இறங்கி அவனைத் தூக்கி வந்திருக்கிறார். அந்தப் பையனோ, சரக்கைக் காட்டுவதற்கே 50 தங்கக் காசு கேட்பான். வாங்காவிட்டாலும் காசு திரும்பாது. பெப்பின் மட்டும் காயத்தை இலவசமாக ஆற்றிவிடுவார்.

கீழே இறங்கினால் வேறு உலகம். தளங்களின் அமைப்பு ஒவ்வொரு ஆட்டத்திலும் மாறும். 'ரோக்', 'மோரியா' போன்ற பழைய கணினி விளையாட்டுகளின் வழி வந்த முறை. போன வாரம் படிக்கட்டு இருந்த இடத்தில் இந்த வாரம் சுவர் இருக்கும். இரண்டாம் தளத்தில் கசாப்புக்காரன் காத்திருப்பான். (எல்லா ஆட்டத்திலும் வரமாட்டான், வராத நாளில் நிம்மதியும் ஏமாற்றமும் சேர்ந்து வரும்.) கதவைத் திறந்ததும் புது இறைச்சி வந்துவிட்டதென்று கர்ஜித்துக்கொண்டு ஓடி வருவான். அந்தக் குரலுக்கு அண்ணன் கைக்கருவியைக் கீழே போட்டிருக்கிறான். மூன்றாம் தளத்தில் எலும்புக்கூடாக எழுந்து நிற்கும் லியோரிக் மன்னன். ஆழம் போகப் போக, ஊருக்குள் நேரே ஏறிவர குறுக்கு வழிகள் திறக்கும். நரகத்துக்கான வழி திறப்பது, நீங்கள் பாதுகாப்பு என்று நம்பிய ஊர் நிலம் பிளந்து. சுருள் ஒன்றைப் படித்தால் நீல ஒளிவாசல் தோன்றும். அதில் நுழைந்தால் மறுபடி அந்தக் கிட்டார். மேலே ஓர் ஊர் காத்திருந்ததால்தான் கீழே இறங்க எங்களுக்குத் தைரியம் வந்தது.

அந்த ஊரை இரண்டாம் பாகத்தில் எரித்துவிட்டார்கள்.

'டயாப்லோ 2' 2000இல் கணினிக்கு வந்தது. அதைப் புதுப்பித்து 2021இல் கன்சோல்களுக்கும் கொண்டுவந்தார்கள். நான் ஆடியது அதைத்தான். இந்தப் பாகத்தில் டிரிஸ்ட்ராமுக்குப் போக வேறு வழி. மந்திரக் கற்களைச் சரியான வரிசையில் தொட்டால் வாசல் திறக்கும். உள்ளே நெருப்பு. தரையில் பிணங்கள். கெய்ன் கூண்டில் தொங்குகிறார். கிரிஸ்வோல்ட் பேயாக மாறி உங்கள் மீதே பாய்கிறார். கொன்றுதான் ஆக வேண்டும். விர்ட் செத்துக் கிடக்கிறான். அவனுடைய கட்டைக்காலை எடுத்துக்கொள்ளலாம். பிற்பாடு மாடுகளின் ரகசியத் தளத்தைத் திறக்க அது உதவும். ஆட்டக்காரர்கள் சிரித்துச் சிரித்துப் பேசுகிற வேடிக்கை அது, எனக்கு இன்றுவரை சிரிப்பு வந்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. முதல் பாகத்தில் பிசாசை வென்ற போர்வீரன் அதன் கல்லைத் தன் நெற்றியிலேயே குத்திக்கொண்டு, இரண்டாம் பாகத்தில் அந்தப் பிசாசாகவே ஆகிவிடுகிறான். நான் ஆடிய வில்லேந்திய பெண் 'பிளட் ரேவன்' என்ற பெயரில் இடுகாட்டில் பிணங்களை எழுப்பிக்கொண்டு நிற்கிறாள். அவளை நானே அம்பெய்து வீழ்த்தினேன். டிரிஸ்ட்ராமுக்குள் நுழைந்ததும் பழைய கிட்டார் இசைதான் ஒலித்தது, ஒரு சுரம்கூட மாறாமல். ஊர் எரிகிறது, பாட்டு அப்படியே இருக்கிறது. நான் ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு அதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நேயர் விருப்ப நிகழ்ச்சியில் அழைப்பவர்கள் பெயரோடு ஊரையும் சொல்வார்கள். சிலர் சொல்லும் ஊர் இப்போது இல்லை. ரப்பர் தோட்டமாக இருந்து, செம்பனையாகி, வீடமைப்புப் பகுதியாகிவிட்ட இடம். "எங்கிருந்து பேசுறீங்கம்மா?" என்று ஓர் அம்மாவிடம் கேட்டேன். தோட்டத்துப் பெயரைத்தான் சொன்னார். "இப்ப பிளாட்லதான் இருக்கேன் தங்கச்சி. ஆனா மூணாவது லயத்துல இருந்தவங்க யாராச்சும் கேட்டுக்கிட்டிருந்தா, இந்தப் பாட்டு அவங்களுக்கு." பாட்டைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் இன்னோர் அழைப்பு வந்தது. அதே தோட்டம், ஐந்தாவது லயம். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் யார், அவர் எந்த வெளிக்காட்டில் பால் மரம் வெட்டினார் என்று எனக்கே சொல்ல ஆரம்பித்துவிட்டார். அடுத்த பாடலுக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் நான் அவரை நிறுத்தவில்லை.

மூன்றாம் பாகத்தில், 2013இல் கன்சோலுக்கு வந்தபோது, இடிபாடுகளுக்குப் பக்கத்தில் 'புது டிரிஸ்ட்ராம்' எழும்பியிருந்தது. புதையல் தேடி வந்தவர்களை நம்பி முளைத்த ஊர். சத்திரம் இருக்கிறது, கொல்லர் இருக்கிறார். எனக்கு ஒட்டவில்லை. புதுத் தாமானில் பழைய தோட்டத்தின் பெயரைச் சாலைக்கு வைத்த மாதிரி.

ஆனால் 2017 முதல் ஜனவரி மாதங்களில் இடிபாடுகளுக்குள் ஒரு வாசல் திறக்கிறார்கள். முதல் பாகத்தின் 16 தளங்களை அதில் மறுபடி கட்டியிருக்கிறார்கள். படம் பழைய தொலைக்காட்சி போல மங்கிப்போகும், நடையும் எட்டே திசைகளில் விறைப்பாக இருக்கும். அந்த அசட்டுத்தனம்தான் எனக்குப் பிடிக்கிறது. ஒரே திரையில் நால்வர்வரை ஆடலாம். பொங்கலுக்கு அண்ணன் வரும்போது, அவனுடைய பையன் தூங்கிய பிறகு (பெட்டியில் வயது முத்திரை இருக்கிறது, விளையாட்டில்லை) நாங்கள் இருவரும் இறங்குவோம்.

முதல் ஆட்டத்துக்கே போக விரும்புகிறவர்களுக்கு: 2019 முதல் அது கணினிக்கு மீண்டும் விற்பனைக்கு வந்திருக்கிறது. போனதும் தேவாலயத்துக்கு ஓடாதீர்கள். ஒலியைக் கூட்டி வையுங்கள். கெய்னிடம் நின்று கேளுங்கள், பிறகு ஃபார்ன்ஹாமின் உளறலையும் கேளுங்கள். கையில் 50 காசு சேர்ந்ததும் ஊர்க்கோடிக்கு நடந்துபோய் அந்தப் பையனிடம் கொடுங்கள். சரக்கு பெரும்பாலும் உங்களுக்கு உதவாது. பரவாயில்லை, கொடுங்கள்.