லாக் ஆன் பண்ணணுமா, பார்த்தால் போதுமா?

ஆங்கிலப் பேப்பரில் எந்த விளம்பரத்தை எடுத்தாலும் கடைசி வரி ஒன்றுதான். "ஃபார் மோர் டீட்டெயில்ஸ் லாக் ஆன் டு" என்று போட்டு ஒரு இணைய முகவரி. புடவைக் கடையில் ஆரம்பித்து அரசுத் தேர்வு அறிவிப்பு வரை இதேதான். நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்த முகவரிக்குப் போனால் லாக் ஆன் பண்ண ஒன்றுமே இருக்காது. சும்மா பார்த்துவிட்டு வரவேண்டியதுதான்.

லாக் என்றால் மரக்கட்டை. பாய்மரக் கப்பல் காலத்தில் முடிச்சு போட்ட கயிற்றில் ஒரு கட்டையைக் கட்டிக் கடலில் போடுவார்கள். 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணல்கடிகாரம் காலியாவதற்குள் எத்தனை முடிச்சு கையை விட்டுப் போகிறதோ அதுதான் வேகம். (கப்பல் வேகத்தை இன்றும் 'நாட்' என்று சொல்வது இதனால்தான்.) அந்தக் கணக்கை எழுதிய நோட்டு லாக் புக் ஆனது. எங்கள் காமர்ஸ் பாஷையில் சொன்னால் ஒரு நாளேடு!

கம்ப்யூட்டருக்கும் அதே தேவை வந்தது. 1960களில் எம்.ஐ.டி.யில் ஒரே இயந்திரத்தைப் பலர் பங்குபோட்டார்கள். யார், எவ்வளவு நேரம் என்று கணக்கு வேண்டும், அதனால் பெயரும் பாஸ்வேர்டும். 1962-ல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர் தனக்கு ஒதுக்கிய நேரம் போதாமல் எல்லாருடைய பாஸ்வேர்டையும் அச்செடுத்துக்கொண்டாராம். அது தனிக்கதை.

ஆக, லாக் ஆன், லாக் இன் இரண்டுக்கும் பொருள், 'நான் இன்னார்' என்று சொல்லிப் பதிவுசெய்துகொண்டு உள்ளே போவது. சும்மா பார்க்கிற பக்கத்துக்கு 'விசிட்' அல்லது 'சீ' போதும்.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்பீர்கள். எங்கள் தெரு தையல்கடை அண்ணாச்சியைக் கேளுங்கள். மகளுக்கு விண்ணப்பம் வாங்க ஒரு கல்லூரியின் அறிவிப்பைப் பார்த்தார். லாக் ஆன் என்று இருந்ததால் இரண்டு நாள் காத்திருந்தார். "பாஸ்வேர்டு அவங்க அனுப்புவாங்களா தம்பி, நாம போய் வாங்கணுமா?" என்று என்னிடம் கேட்டபோது கடைசித் தேதிக்கு ஒரே நாள் பாக்கி. படிவமோ யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று முதல் பக்கத்திலேயே கிடந்தது. அன்று சாயங்காலமே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தோம்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். எங்கே போனாலும் லாக் ஆன் என்று பழக்கிவிட்டால், வங்கி பெயரில் போலி எஸ்.எம்.எஸ். வந்து பாஸ்வேர்டு கேட்கும்போது யாருக்குச் சந்தேகம் வரும்?

இலக்கணத்தில் ஒரு சின்னக் குழப்பமும் உண்டு. வினையாக எழுதினால் 'லாக் இன்' இரண்டு சொல். பெயராக எழுதினால் 'லாகின்' ஒரே சொல். நாம் தமிழில் 'லாகின் பண்ணு' என்று பெயரோடு 'பண்ணு' சேர்த்தே பழகியவர்கள். அதையே ஆங்கிலத்துக்கும் கொண்டுபோய் 'ப்ளீஸ் லாகின்' என்று ஒட்டி எழுதிவிடுகிறோம். இறந்தகாலத்தில் சொல்லிப் பாருங்கள். 'லாகின்ட்' என்று யாரும் சொல்வதில்லை, 'லாக்டு இன்' என்றுதான் வருகிறது.

வேடிக்கை என்னவென்றால், "விவரங்களை இணையதளத்தில் பார்க்கலாம்" என்று தமிழ்ப் பேப்பர்கள் சரியாகத்தான் எழுதுகின்றன.