வெனிஸின் நல்ல தண்ணீர்க் கிணறுகள்

வெனிஸுக்குப் போகிறோம் என்றதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டது கோண்டோலாவைப் பற்றித்தான். ஏறலாம், பகலில் அரைமணி நேரத்துக்கு 90 யூரோ, நகராட்சி நிர்ணயித்த கட்டணம். பெரிய கால்வாயின் அக்கரைக்குப் போக மட்டும் 'திராகெத்தோ' என்ற பொதுப்படகு உண்டு. அதுவும் கோண்டோலா வகைதான், வெளியூர்க்காரருக்கு இரண்டு யூரோ. கிட்டத்தட்ட நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கால்வாய்க்கு மொத்தமே நான்கு பாலங்கள் என்பதால் உள்ளூர் மக்களுக்கும் அது அன்றாடத் தேவை. எங்களுக்கு அந்தப் படகே போதுமானதாக இருந்தது. அந்த ஊரில் எங்களைப் பிடித்து நிறுத்தியவை கிணறுகள்.

என் கணவர் குடிநீர் வடிகால் வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பாதி வேலைக்காலம் தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் கழிந்தது. கடற்கரை ஊர்களில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்குப் பெண்கள் எவ்வளவு தூரம் நடப்பார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். வெனிஸில் 'கம்போ' எனப்படும் சதுக்கம் ஒவ்வொன்றின் நடுவிலும் இடுப்புயரக் கல் கிணற்றைப் பார்த்ததும் அவர் கால் நகரவில்லை.

"என்னங்க, சுத்தி முழுக்கக் கடல். இதுல தோண்டினா உப்புத்தண்ணிதானே வரும்?" என்றேன்.

"தோண்டி எடுத்த தண்ணி இல்லம்மா இது. மேலேயிருந்து வந்த தண்ணி" என்றவர், கிணற்றைச் சுற்றித் தரையில் பதித்திருந்த துளையிட்ட கற்களைக் காட்டினார். சதுக்கத்தின் தளம் அந்தத் துளைகளை நோக்கி லேசாகச் சரிந்திருந்தது.

சதுக்கத்தின் அடியில் ஐந்தாறு மீட்டர் ஆழத்துக்குப் பெரிய குழி வெட்டி, கடல்நீர் கசியாதபடி சுற்றிலும் களிமண் பூசுவார்கள். நடுவில் செங்கல்லால் ஒரு உறை எழுப்பி, மீதி இடத்தை மணலால் நிரப்புவார்கள். கூரையிலும் தளத்திலும் விழும் மழை, துளைகள் வழியே இறங்கி, மணலில் வடிந்து தெளிந்து, உறைக்குள் ஊறும். சில சதுக்கங்களில் கிணற்றைச் சுற்றியுள்ள தளத்தையே ஓரிரு படி உயர்த்தியிருக்கிறார்கள், கடல் ஏறும் நாளில் உப்புநீர் உள்ளே போய்விடக் கூடாது என்று. மழை பொய்த்தால் பிரெந்தா ஆற்றிலிருந்து படகுகளில் நன்னீர் வரும். 16ஆம் நூற்றாண்டில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த நகரம் இப்படித்தான் தாகம் தீர்த்துக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எண்ணிப் பார்த்தபோதும் ஆறாயிரத்துக்கு மேல் கிணறுகள் இருந்தன. 1884இல்தான் பெருநிலத்திலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. இன்று எல்லாக் கிணறுகளுக்கும் உலோக மூடி போட்டுவிட்டார்கள்.

ஒரு கிணற்றின் விளிம்பில் கையை வைத்துப் பார்த்தேன். கயிறு உராய்ந்து உராய்ந்து கல்லில் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தது. என் விரல் அதற்குள் அப்படியே பொருந்தியது. எங்கள் அம்மாச்சி வீட்டுக் கிணற்றுக் கல்லும் இப்படித்தான் இருக்கும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பை 2003இல் கட்டாயமாக்கியபோது வீடு வீடாகப் போய்ப் பேசியவர் என் கணவர். வெகுநேரம் அவர் அந்த இடத்தை விட்டு வரவில்லை. வெனிஸை ஆண்ட டோஜ்களின் அரண்மனை முற்றத்தில் 1550களில் வெண்கலத்தில் வார்த்த இரண்டு கிணற்று வாய்கள் இருக்கின்றன. கூட்டம் அவற்றைத் தாண்டி மாடிப்படிக்கு ஓடுகிறது. உள்ளே இருக்கும் ஓவியங்களுக்குச் சற்றும் குறையாத வேலைப்பாடு அது.

சான் மார்க்கோ பேராலயம், ரியால்தோ பாலம், பெருமூச்சுப் பாலம் எல்லாம் படங்களில் பார்த்தபடியே அழகு. எனக்கு நெருக்கமானது சாலூத்தே தேவாலயம். 1630-31 கொள்ளைநோயில் நகரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறந்தபோது நேர்ந்துகொண்டு கட்டியது. சேற்றில் பத்து லட்சத்துக்கும் மேல் மரக்கம்பங்களை இறக்கி, அவற்றின் மேல் நிற்கிறது. காற்றுப் படாத சேற்றுக்குள் மரம் எளிதில் உளுத்துப்போவதில்லை. ஆண்டுதோறும் நவம்பர் 21 அன்று பெரிய கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் போட்டு, மக்கள் நடந்து வந்து மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு அங்கே ஒரு கடமையும் உண்டு. கஸ்தெல்லோ பகுதியில் சான் லொரென்சோ தேவாலயம். 1324இல் இறந்த மார்க்கோ போலோவை அடக்கம் செய்தது இங்கேதான். கல்லறை இன்று இல்லை. தாமிரபரணிக் கரையின் காயல் துறைமுகத்தையும், அங்கே வந்திறங்கிய அரேபியக் குதிரைகளையும், மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பவர்களையும் உலகுக்குச் சொன்ன மனிதர் அவர். வாசலில் சற்று நேரம் நின்று கும்பிட்டுவிட்டு வந்தோம்.

மாலை ஆறு மணிக்கு மேல் ஊர் மாறிவிடுகிறது. பகல் கூட்டம் ரயில் ஏறிவிட, கன்னரேஜோ பகுதிக் கால்வாய்க் கரையில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள், பாட்டிமார் காய்கறி வண்டியை இழுத்துக்கொண்டு படியேறுகிறார்கள். ஒரு சிறு கடையில் சாளை மீன் சாப்பிட்டோம். பொரித்த மீனை வதக்கிய வெங்காயத்திலும் வினிகரிலும் ஊறவைத்து, உலர்திராட்சையும் பைன் பருப்பும் சேர்த்திருந்தார்கள். கடலோடிகள் கெடாமல் எடுத்துப்போகக் கண்டுபிடித்த பக்குவம். மீன் விஷயத்தில் சுலபத்தில் திருப்தி அடையாத என் கணவர் இன்னொரு தட்டு கேட்டு வாங்கினார்.

இந்த வாழ்க்கை சுருங்கிக்கொண்டே வருகிறது என்பதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை. 1950களில் ஒன்றே முக்கால் லட்சம் பேர் இருந்த பழைய நகரில் இப்போது ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. வீடுகள் சுற்றுலா விடுதிகளாகின்றன, மளிகைக்கடை முகமூடிக் கடையாகிறது. கடல் ஏறுவதைத் தடுக்க 2020 முதல் மோசே என்ற தடுப்புக் கதவுகள் இயங்குகின்றன. குடியிருப்பவர் வெளியேறுவதைத் தடுக்க அப்படி ஒரு கதவு கிடையாது.

அதனால் போகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: காலையில் வந்து மாலையில் திரும்பாதீர்கள். தீவுக்குள்ளேயே இரண்டு இரவாவது தங்குங்கள், உள்ளூர்க்காரர் சாப்பிடும் கடையில் சாப்பிடுங்கள். கூட்டம் மிகுந்த நாட்களில் பகலில் மட்டும் வந்துபோகிறவர்களிடம் 2024 முதல் வாங்கும் நுழைவுக் கட்டணமும் தங்குகிறவர்களுக்கு இல்லை. கையில் ஒரு காலி பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள்; தெருக்குழாய்களில் குடிக்க நல்ல தண்ணீர் இலவசமாகவே வருகிறது.