காங்கேயம் காளையும் கயிறும்

கோயமுத்தூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் கிழக்கு நோக்கிப் பிரயாணம் செய்தால் முதலில் சூலூர் வருகிறது. அங்கே விமானப் படையின் தளம் ஒன்று இருக்கிறது. இந்தியாவிலேயே தயாரான தேஜஸ் போர் விமானங்கள் 2018ல் அங்கே வந்து சேர்ந்தன. அப்பால் பல்லடம், அதையும் தாண்டினால் காங்கேயம். சூலூரில் விமானத்தின் பேரிரைச்சலைக் கேட்டு வந்த யாத்திரிகனுக்கு இங்கே கேட்பது மாடுகளின் கழுத்து மணியோசைதான். ஆயினும், ஆயுதம் தாங்கிய பலத்தை ஆயுதமில்லாத ஜனங்கள் ஆள்வது எப்படி என்னும் கேள்விக்கு விடை தேடுவதற்குக் காங்கேயமே தகுந்த இடம்.

மழை குறைந்த பூமி இது. கிளுவை வேலியிட்ட கொறங்காடுகளும், வெள்வேல மரங்களும், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல்லுமாகக் காட்சி தருகிறது. கன்று பிறக்கும்போது சிவப்பாயிருக்கும். சுமார் ஆறு மாதத்தில் சாம்பல் நிறமாகும். வளர்ந்த காளைக்கோ தலையும் கழுத்தும் திமிலும் கறுத்துவிடும். பழையகோட்டைப் பட்டக்காரர்கள் இந்த இனத்தைப் பேணி வளர்த்துப் புகழ் பெற்றவர்கள்.

"இத்தனை பெரிய காளையை இந்தச் சின்னக் கயிறா கட்டுப்படுத்துகிறது?" என்று ஒரு குடியானவரைக் கேட்டோம்.

"கயிறு எங்கீங்க நிறுத்துது? பழக்கமுங்க! வெடுக்குனு இழுத்தா மூக்குத்தானுங்க அறுபடும்" என்றார் அவர்.

ராஜ்ய சாஸ்திர பண்டிதர்கள் பல அத்தியாயங்களில் சொல்வதை அவர் இரண்டு வார்த்தைகளில் சொல்லிவிட்டார்.

இதே காங்கேயத்துக்கு அருகில், மேலப்பாளையத்தில், 1756ல் பிறந்தவர் தீரன் சின்னமலை. மைசூருக்குச் சென்றுகொண்டிருந்த வரிப் பணத்தை வழிமறித்து வாங்கிக்கொண்டு, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே உள்ள சின்னமலை பறித்துக்கொண்டான் என்று உன் எஜமானிடம் சொல்!" என்று அவர் சொல்லியனுப்பியதாகக் கதை. அந்நியரை எதிர்த்துப் போராடி, 1805ல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்ட மகா வீரர் அவர். அவர் காலத்தில் வாள் எவர் கையிலோ, பணப்பையும் அவர் கையில்தான்.

சுதந்திர இந்தியா இவ்விரண்டையும் பிரித்து வைத்தது. 1947 நவம்பர் 26ந் தேதி, கோயமுத்தூர்க்காரரான நிதி மந்திரி ஆர். கே. சண்முகம் செட்டியார் முதல் வரவு செலவுத் திட்டத்தைச் சட்ட சபையின் முன் வைத்தார். மொத்தச் செலவு 197.39 கோடி ரூபாய். அதில் ராணுவத்துக்கு 92.74 கோடி! காஷ்மீரத்தில் யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம் அது. அப்போதும் சேனைக்கான பணத்தை ஜனப் பிரதிநிதிகளிடம் கேட்டுத்தான் பெற வேண்டியிருந்தது.

1950ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 53வது ஷரத்து, படைகளின் தலைமையை ராஷ்டிரபதியிடம் ஒப்புவித்தது. இது கயிறு. ஆனால் கயிறு மட்டும் போதுமா? பாகிஸ்தானில் 1958லும் பர்மாவில் 1962லும் சேனாதிபதிகள் அதை அறுத்துக்கொண்டார்கள். நம் நாட்டிலோ 1979ல் சரண் சிங் மந்திரிசபை பார்லிமெண்டைச் சந்திக்காமலே ராஜிநாமாச் செய்து, தேர்தல் வரையில் காவல் சர்க்காராக இருந்தது. அதில் பாதுகாப்பு மந்திரியாயிருந்தவர் பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம். கதர் அணிந்த அந்த வக்கீலின் சர்க்காருக்குப் பெரும்பான்மை பலம் இல்லை. இருந்தும் முப்படைகளும் தங்கள் கடமையைத் தவிர வேறொன்றையும் நினைக்கவில்லை. பழக்கத்தின் பலம் அது.

ஆனால் கயிறு பிடிப்பவருக்கும் ஒரு தர்மம் உண்டு. 1959ல் பாதுகாப்பு மந்திரி கிருஷ்ண மேனனுடன் மனஸ்தாபம் முற்றி, சேனாதிபதி திம்மய்யா ராஜிநாமாக் கொடுத்தார். நேருவின் வற்புறுத்தலால் அதைத் திரும்பப் பெற்றார். இரு தரப்பாருக்கும் இடையே நம்பிக்கை குன்றியிருந்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு, போதிய தளவாடமும் குளிருக்கு ஏற்ற உடுப்பும் இல்லாமல் நம் சிப்பாய்கள் இமயத்தில் மடிந்தார்கள். மேனன் பதவியை இழந்தார். போன உயிர்கள் போனவைதானே?

1971ல் நேர்ந்தது வேறு. ஏப்ரலில் யுத்தத்துக்குப் புறப்படுவது தகாது, படைகள் ஆயத்தமாக அவகாசம் வேண்டும் என்று தாம் இந்திரா காந்தியிடம் கூறியதாக மானெக்ஷா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். டிசம்பரில் யுத்தம் மூண்டபோது பதின்மூன்றே நாளில் டாக்கா வீழ்ந்தது. வெற்றி பெற்ற அந்தச் சேனாதிபதி டில்லிச் சிம்மாசனத்தின்மேல் கண் வைக்கவில்லை. ஓய்வு பெற்றதும் நம் நீலகிரிக்கு வந்து குன்னூரில் வசித்தார். உத்தரவிடுவது மந்திரியின் உரிமை. உத்தரவிடுமுன் காது கொடுத்துக் கேட்பது அவருடைய கடமை.

காங்கேயத்துக்கு வருகிறவர்கள் பக்கத்திலுள்ள சிவன்மலை முருகனைத் தரிசிக்காமல் திரும்புவதில்லை. அங்கே "ஆண்டவன் உத்தரவுப் பெட்டி" என்று ஒன்று உண்டு. யாரேனும் ஒரு பக்தரின் கனவில் ஆண்டவன் குறிப்பிட்ட பொருளை, சுவாமியிடம் பூப்போட்டுக் கேட்டபின், அதில் வைத்துப் பூஜிக்கிறார்கள். உத்தரவு வருவது ராஜாவுக்கல்ல, சேனாதிபதிக்குமல்ல, சாதாரண பக்தருக்கு! மலையடிவாரத்து ஜனங்களிடம் இன்னொரு உத்தரவுப் பெட்டியும் இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை அவர்கள் ஓட்டுப் போடும் பெட்டிதான் அது. இப்போது அது இயந்திரமாகிவிட்டது, அதனால் என்ன? சூலூரில் எழும்பும் விமானம் எத்திசையில் பறக்க வேண்டும் என்பதற்குக் கடைசி உத்தரவு அதிலிருந்துதான் பிறக்கிறது. அந்த உத்தரவை யோசித்துப் போடும் பொறுப்பு நம்முடையது.