காதுக்குத் தந்த அமானிதம்



என் லாத்தாவின் மகள் மானிடவியலில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். யாழ்ப்பாணத்து முஸ்லிம் வியாபாரிகள் முன்பு போய்வந்த தமிழ்க் கிராமங்களில் அவர்களைப் பற்றிய நினைவு எப்படி இருக்கிறது என்பதே அவளது தேடல். "புத்தூருக்கு நீங்களும் வாங்க மாமா" என்றாள். மர்ஹூம் என் வாப்பா சைக்கிளில் துணிக்கட்டு ஏற்றிப் போன ஊர் அது. மஹ்ரமாகத் துணைக்குப் போனேன்.

1990 ஒக்டோபர் 30இல் விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது எனக்கு 11 வயது. வாப்பாவின் கடன் கொப்பியும் வீட்டோடு போய்விட்டது.

புத்தூரில் போன வீடெல்லாம் தேநீர் தந்தார்கள். ஆனால் எதைக் கேட்டாலும், "நல்ல சனங்கள், ஒற்றுமையாய் இருந்தம்" என்பதோடு பேச்சு முடிந்தது. ஒப்புதல் படிவத்தை நீட்டினால் கை பின்வாங்கியது. போர்க்காலத்தைக் கண்டவர்களுக்குத் தாளில் பெயர் எழுதுவதென்றாலே அச்சம். ஒருவர், "வீட்டுத்திட்டம் ஏதும் வருதோ?" என்று கேட்டார்.

அன்றிரவு மருமகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "கோபிக்காதீங்க மாமா. நீங்க பக்கத்துல இருந்தா அவங்க எனக்குப் பதில் சொல்றாங்க இல்ல. உங்களுக்கு மரியாதை செய்றாங்க."

சுருக்கென்றது. ஆனால் உண்மை.

பெரிய ஆய்வாளர்களுக்கும் இந்த வேலை இலகுவாக இருக்கவில்லை என்பதை அவள்தான் எனக்குச் சொன்னாள். டென்னிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் 1969இல் கள ஆய்வைத் தொடங்கினார். அவருடைய பெருநூல் வந்தது 2008இல். ஷாரிகா திராணகம புத்தளம் சென்று நம் அகதிகளின் கதைகளைக் கேட்டு எழுதிய நூல் 2011இல் வெளிவந்தது. அவரது தாய் ராஜினி 1989இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டவர். தன் துயரைச் சுமந்துகொண்டே பிறர் துயரைக் கேட்டிருக்கிறார்.

மறுநாள் ஓர் ஆச்சியின் வீட்டில் நான் முற்றத்து மாமர நிழலிலேயே இருந்துகொண்டேன். உள்ளே நெடுநேரப் பேச்சு. பிறகு, "பிள்ளை, உதை நிப்பாட்டு" என்ற குரல். அதன்பின் அழுகை.

வெளியே வந்த மருமகளிடம் என்னவென்று கேட்டேன். "ஒலிப்பதிவை நிறுத்தச் சொல்லிட்டுச் சொன்னது, மாமா. அது அமானிதம். ஆய்விலயும் வராது" என்றாள். இத்தனை வருடங்களாக மத்ரஸாவில் நான் நடத்தும் பாடத்தை அவள் எனக்கு நடத்தினாள்.

படலையடிக்கு ஆச்சியும் வந்தா. "தம்பி, உங்கட வாப்பாவுக்கு ஒரு சீலைக் காசு குடுக்க இருந்தது. குடுக்க முந்தி உங்களை அனுப்பிப் போட்டாங்கள்" என்று சுருட்டிய நோட்டுகளை நீட்டினா.

"என் பங்கை நான் விட்டுத் தந்தேன் ஆச்சி. லாத்தாவும் விட்டுத் தருவா" என்றேன். இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று கேட்டேன். "பேர் போடாதை" என்றா. போடவில்லை.

திரும்பும் வழியில் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தோம். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. யாழ்ப்பாணத்தில் அளவுக்கு மிஞ்சி இறைத்த கிணறுகளில் உப்பு மேலே வந்துவிடும். கேள்வி கேட்பவருக்கும் அந்த அளவு தெரிய வேண்டும்.

சகோதரிகளே, படிக்கப் போகும் மகளுக்குத் துணையாகப் போங்கள். ஆனால் அவள் கேட்க வேண்டியதைக் கேட்க, சற்றுத் தள்ளியும் உட்காருங்கள்.